ஒடிந்த நாற்காலிக்கு வேறொரு கால்: பழைய மரச் சாமானிலிருந்து கலைப்படைப்பு

பழைய மரச் சாமானை இழைத்து, பாலிஷ் போட்டு, மறுபடியும் புழக்கத்துக்குக் கொண்டுவருவதை முந்தைய அத்தியாயங்களில் பார்த்தோம். இந்த அத்தியாயத்தில் நாம் செய்யப்போகும் நாற்காலியில் யாரும் உட்காரப் போவதில்லை. அதைப் பார்க்கிறவருக்கு அதில் உட்கார்ந்திருந்தவர் நினைவுக்கு வர வேண்டும். வேலை அவ்வளவுதான், ஆனால் அதற்குப் பொறுமை நிறையத் தேவைப்படும்.

தருமபுரி மாவட்டத்தில் இதற்கான பொருள் தேடி அலைய வேண்டியதில்லை. பென்னாகரம், அரூர், பாப்பிரெட்டிப்பட்டி பக்கத்துக் கிராமங்களில் பூட்டிக் கிடக்கும் வீடுகளைப் பார்த்திருப்பீர்கள். பெங்களூருக்கும் திருப்பூருக்கும் பிழைக்கப் போனவர்கள் பீரோவையும் டிவியையும் ஏற்றிக்கொண்டு போகிறார்கள். கயிற்றுக் கட்டில், கை வைத்த மர நாற்காலி, மூடி உடைந்த மரப்பெட்டி ஆகியவை திண்ணையிலேயே கிடந்துவிடுகின்றன. விறகாகப் போவதற்கு முன் அவற்றில் சிலவற்றையாவது நாம் எடுத்துக்கொள்ளலாம்.

தொடங்குமுன் ஒருநாள் தருமபுரி அரசு அருங்காட்சியகத்துக்குப் போய் அங்குள்ள நடுகற்களைப் பாருங்கள். இல்லாமல் போன ஒருவரை ஒரு பொருளில் நிறுத்தி வைப்பது இந்த மண்ணில் ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலான பழக்கம். வீரனின் முகத்தைவிட அவன் கையிலிருக்கும் ஆயுதத்தைக் கவனியுங்கள். சில கற்களில் காலருகே செதுக்கியிருக்கும் கெண்டியையும் சிமிழையும் விட்டுவிடாதீர்கள். ஆளைச் சொல்ல அவன் புழங்கிய பொருள் போதும் என்று அந்தச் சிற்பிகளுக்குத் தெரிந்திருக்கிறது.

யாரைப் பார்த்துக் கற்பது

இருவர் போதும். ஒருவர் 1961-இல் மங்களூரில் பிறந்து மும்பையில் வேலை செய்யும் சுதர்சன் ஷெட்டி. இடித்த பழைய வீடுகளிலிருந்து வரும் மரம்தான் அவருடைய படைப்புகள் பலவற்றுக்கு மூலப்பொருள். 2014-இல் காட்சிக்கு வைத்த ஒரு தொடரில் உடைந்த பீங்கான் பாத்திரங்களை எடுத்துக்கொண்டார். காணாமல் போன பாதியைப் பழைய மரத்தில் அதே வளைவோடு செதுக்கிச் சேர்த்தார். உடைந்த இடத்தை மறைக்க அவர் எந்த முயற்சியும் செய்யவில்லை. பீங்கான் எங்கே முடிகிறது, மரம் எங்கே தொடங்குகிறது என்பது தூரத்திலிருந்தே தெரியும்.

மற்றவர் கொலம்பியாவின் டோரிஸ் சால்செடோ. உள்நாட்டு வன்முறையில் காணாமல் போனவர்களின் குடும்பங்களோடு பேசிப் பேசி, அதன் பிறகே வேலையைத் தொடங்குகிறவர். பழைய அலமாரிகளுக்குள்ளும் நாற்காலிகளுக்குள்ளும் சிமெண்ட் கலவையை நிரப்பி, இனி எவரும் திறக்கவோ உட்காரவோ முடியாதபடி அடைத்துவிடுவார். 2003-இல் இஸ்தான்புல் நகரில் இரண்டு கட்டடங்களுக்கு நடுவே இருந்த காலி இடத்தை ஏறத்தாழ 1,550 மர நாற்காலிகளால் நிரப்பினார். நமக்கு ஒரு நாற்காலி போதும்.

ஷெட்டியிடமிருந்து கைவேலையையும், சால்செடோவிடமிருந்து கேட்டறியும் பழக்கத்தையும் எடுத்துக்கொள்வோம்.

சாமானைத் தேர்ந்தெடுத்தல்

முதல் முயற்சிக்கு, கால் ஒன்று ஒடிந்த மர நாற்காலியை எடுங்கள். பிளைவுட், அட்டைப்பலகைச் சாமான்கள் வேண்டாம், உடைந்த வாயில் அவை மாவாக உதிரும். காயலான் கடையிலும், பழைய வீடு இடிக்கும் இடத்திலும், வாரச் சந்தையின் ஓரத்திலும் கிடைக்கும். சொந்தக்காரரிடமிருந்தே வாங்க முடிந்தால் கடையில் வாங்காதீர்கள். கடைக்கு வந்த நாற்காலிக்கு விலை மட்டும்தான் இருக்கும். வீட்டிலிருந்து வாங்கும்போது கேள்வி கேட்கலாம்:

"இதுல யாருங்க உக்காருவாங்க?"
"எந்தப் பக்கம் பாத்துப் போட்டிருப்பீங்க?"
"கால் எப்பங்க ஒடிஞ்சது?"

பதிலை அன்றே எழுதி வையுங்கள். பின்னால் ஒவ்வொரு முடிவுக்கும் இந்தத் தாள்தான் துணை.

வாங்கக் கூடாதவையும் உண்டு. கோயில் தேர், வாகனம், மண்டபத் தூண் ஆகியவற்றின் துண்டு என்று சொல்லி விற்பதைத் தொடாதீர்கள். சந்தனம், தந்தம் பதித்த சாமான் இரண்டும் சட்டச் சிக்கல். 100 ஆண்டு கடந்த கலைவேலைப்பாடுள்ள பொருள் 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டத்தின்கீழ் வரும். அப்படிச் சந்தேகம் வந்தால் உளியை எடுக்குமுன் அருங்காட்சியகத்தில் காட்டிக் கேளுங்கள். சட்டத்தை விடுங்கள், நல்ல ஆசாரி ஒருவர் செய்து முழுசாக இருக்கும் சாமானை வெட்டுவதற்கு நமக்கு உரிமை இல்லை என்றே நினைக்கிறேன். ஒடிந்ததை மட்டும் எடுப்போம்.

வீட்டுக்குள் கொண்டுவருமுன்: பூச்சி

சாமானை வெளியிலேயே வைத்து, கீழே கறுப்புத் தாள் விரித்து, மரத்தை மெல்லத் தட்டுங்கள். மாவு போன்ற தூள் கொட்டினால் உள்ளே வண்டு இருக்கிறது. குண்டூசித் தலை அளவு ஓட்டைகள் மட்டும் இருந்து தூள் விழாவிட்டால் பெரும்பாலும் பழைய தாக்குதல். மண் கோடுகள் தெரிந்தால் கறையான். அதைச் சுரண்டி, மரத்தைத் தரையிலிருந்து தூக்கிச் செங்கல் மேல் வையுங்கள்.

1. 1 லிட்டர் சுடுநீரில் 60 கிராம் போராக்ஸ், 40 கிராம் போரிக் அமிலம் கரையுங்கள்.
2. கையுறை போட்டுக்கொண்டு, பெயின்டோ வார்னிஷோ இல்லாத பகுதிகளில் பிரஷ்ஷால் இரண்டு முறை பூசுங்கள். பூச்சு உள்ள இடத்தில் கரைசல் இறங்காது. நாற்காலியின் அடிப்பக்கத்தில் பெரும்பாலும் பூச்சு இருக்காது, அங்கிருந்து தொடங்குங்கள்.
3. ஓட்டைகளுக்குள் ஊசி போட்ட சிரிஞ்சால் செலுத்துங்கள்.
4. நிழலில் ஒரு வாரம் காயவிடுங்கள்.

கரைசல் வைத்த பாத்திரத்தைச் சமையலுக்குத் திரும்ப எடுக்காதீர்கள். ஆடு, மாடு, கோழி, குழந்தைகள் எட்டாத இடத்தில் வேலை நடக்கட்டும். இந்த மருந்து மழையில் கரைந்து போகும், ஆகவே முற்றத்தில் நிறுத்தும் படைப்புக்கு உதவாது.

சித்திரை வெயிலில் போட்டால் பூச்சி செத்துவிடும் என்பார்கள். ஏற்றுமதிக்கான மரப்பெட்டிகளுக்கு உள்ள விதி, மரத்தின் நடுப்பகுதி 56 டிகிரி செல்சியஸில் 30 நிமிடம் இருக்க வேண்டும் என்கிறது. தடித்த நாற்காலிக் காலின் உள்ளே நம் ஊர் வெயில் அவ்வளவு தூரம் இறங்காது. அதற்குள் ஒட்டுகள் விட்டுப்போகும், பலகை வெடிக்கும்.

பழைய பெயின்ட்: இந்தப் பகுதியைத் தாண்டிப் போகாதீர்கள்

வீட்டுப் பெயின்டில் ஈயம் 90 பிபிஎம்-ஐத் தாண்டக் கூடாது என்று மத்திய அரசு 2016-இல் விதி கொண்டுவந்தது. 2017 நவம்பரிலிருந்து அது நடைமுறையில் இருக்கிறது. அதற்கு முன் அடித்த பெயின்டில், அதுவும் மஞ்சள், சிவப்பு, பச்சை எனாமலில், ஈயம் இருக்கிறது என்றே வைத்துக்கொண்டு வேலை செய்யுங்கள். அந்தத் தூள் குழந்தையின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். கர்ப்பிணிகளுக்கும் ஆகாது.

- காய்ந்த பெயின்டை உப்புத்தாளால் தேய்க்காதீர்கள், மெஷின் போடவே வேண்டாம். நெருப்பு காட்டியும் சூட்டுத் துப்பாக்கி வைத்தும் உரிக்காதீர்கள்.
- எடுத்தே ஆக வேண்டிய இடத்தை ஈரமாக்கி, தண்ணீர்த் தாளால் தேயுங்கள். வழியும் குழம்பைத் துணியில் ஒற்றி எடுத்து, பாலித்தீன் பையில் கட்டிப் போடுங்கள். தோட்டத்தில் ஊற்றாதீர்கள்.
- என்95 முகக்கவசம் குறைந்தபட்சம். துணி முகக்கவசம், கைக்குட்டை எதுவும் போதாது.
- வேலை உடுப்போடு சமையலறைக்குள் போகாதீர்கள். தனியாகத் துவையுங்கள்.

இத்தனைக்கும் மேல் ஒன்று: பெரும்பாலும் அந்தப் பெயின்டை எடுக்கவே தேவையில்லை. உதிரும் செதில்களை ஈரத்துணியால் ஒற்றி எடுத்துவிட்டு, மேலே அரக்குப் பூச்சு ஒன்று கொடுத்தால் மீதி அடங்கி நிற்கும்.

எதைத் துடைக்கக் கூடாது

இந்தக் கலையின் உயிர் இந்தப் பகுதியில் இருக்கிறது. நாற்காலியின் கைப்பிடியில் உள்ளங்கை பட்டுப் பட்டுக் கறுத்த எண்ணெய்ப் பளபளப்பு, முதுகுப் பலகையில் தலையெண்ணெய்க் கறை, டம்ளர் வைத்த வட்டம், குழந்தை கீறிய கோடு, கால் ஒடிந்தபோது யாரோ அவசரத்துக்கு அடித்த ஆணி, சுற்றிய கம்பி. இவற்றை உங்களால் செய்ய முடியாது. எந்தக் கலைஞராலும் முடியாது. பல ஆண்டுகள் ஒருவர் அங்கே உட்கார்ந்திருந்தால்தான் வரும்.

உளி எடுக்குமுன் ஒரு தாளில் நாற்காலியின் முன்பக்கத்தையும் பின்பக்கத்தையும் கோட்டுப்படமாகப் போட்டு, தொடக் கூடாத தடங்களைக் குறியுங்கள். தூசி, ஒட்டடை, எச்சம் ஆகியவற்றை மட்டும் பிழிந்த துணியால் துடைக்கலாம். சோப்புத் தண்ணீர் ஊற்றிக் கழுவுவதுதான் புதிதாகத் தொடங்குகிறவர்கள் செய்யும் முதல் தவறு. அரை மணி நேரத்தில் எல்லாத் தடமும் போய்விடும், மரமும் ஊதிவிடும்.

பழைய மேற்பூச்சு எது என்று அறிய, கண்ணில் படாத மூலையில் ஸ்பிரிட் தொட்ட பஞ்சை வையுங்கள். பிசுபிசுத்தால் அரக்கு பாலிஷ். அது அசையாமல் தின்னருக்கு இளகினால் லேக்கர். இரண்டுக்கும் மசியாவிட்டால் எண்ணெய் வார்னிஷ்.

புதுக் காலைப் பொருத்துதல்

தேவையானவை: ரம்பம், அரை அங்குல உளி, கொட்டாப்புளி, கையால் சுற்றும் துரப்பணம் அல்லது சிறிய டிரில், 10 மி.மீ. பிட், அரம், காந்தம், ரசமட்டம், சாக்பீஸ், மரப் பசை, கயிறு, முற்றிய மூங்கில் துண்டு. ஆங்கிள் கிரைண்டரில் மரம் அறுக்கும் பல் பிளேடை மாட்டாதீர்கள். அது எகிறினால் கை போகும். துருப்பிடித்த ஆணியோடு பழகப்போகிறீர்கள், டி.டி. ஊசி போட்டு ஆண்டுகள் ஆகியிருந்தால் முதலில் அதை முடியுங்கள்.

1. நிறுத்துங்கள். சமதளத்தில் நாற்காலியை வைத்து, ஒடிந்த காலின் கீழ் செங்கல், அட்டை கொடுத்து, இருக்கை மட்டமாகும்வரை உயர்த்துங்கள். ரசமட்டம் வைத்துப் பாருங்கள். நான்கு பக்கமும் படம் எடுங்கள். தரையிலிருந்து ஒடிந்த வாய்வரை உள்ள உயரத்தை மூன்று இடத்தில் அளந்து எழுதுங்கள்.

2. காந்தம் ஓட்டுங்கள். ரம்பமும் பிட்டும் போகிற வழியில் உள்ள ஆணிகளை மட்டும் பிடுங்குங்கள். மற்றவை இருக்கட்டும்.

3. ஒடிந்த வாயைச் சீவாதீர்கள். தச்சு வேலை தெரிந்தவர்களுக்கு இந்த இடத்தில் கை துறுதுறுக்கும். மட்டமாக அறுத்துவிட்டால் புதுக் கால் பத்து நிமிடத்தில் பொருந்தும், உண்மைதான். ஆனால் சிம்பு சிம்பாகப் பிய்ந்த அந்த வாய்தான் நாற்காலிக்கு என்ன நேர்ந்தது என்று சொல்கிறது. ஆடும் நார்களை மட்டும் எடுத்துவிட்டு, ஸ்பிரிட்டில் தண்ணீர் போலக் கரைத்த அரக்கை இரண்டு முறை பூசி இறுக்கிக்கொள்ளுங்கள்.

4. மரம் தேர்ந்தெடுங்கள். பழைய நாற்காலி தேக்காக இருந்தால் தேக்கு தேடாதீர்கள். வேறு நிறம், வேறு ரேகை வேண்டும். மாம்பழ ஊரில் மா மரம் மலிவு. வெளிர் நிறம், உளிக்கு இணங்கும், ஆனால் பூச்சி சீக்கிரம் பிடிக்கும், போராக்ஸ் கட்டாயம். வேம்பில் பூச்சித் தொல்லை குறைவு. புளி மிகக் கடினம். இறைச்சிக் கடைக் கட்டையாக அதைப் போடுவது சும்மா இல்லை. முதல் வேலைக்கு வேம்பையே சொல்வேன். மர அறுவை மில்லில் அன்று அறுத்த ஈரக் கட்டையை வாங்கினால் மாசி, பங்குனியில் சுருங்கி ஒட்டு விட்டுவிடும். பழைய நிலை, உத்தரத் துண்டு கிடைத்தால் அதுதான் சிறப்பு. நாற்காலி இருந்த அதே வீட்டு மரமாக இருந்தால் அதற்கு மேல் கேட்க ஒன்றுமில்லை.

5. துளையை முதலில் போடுங்கள். பலர் செதுக்கி முடித்துவிட்டுத் துளை போடுவார்கள். கால் கோணிக்கொள்ளும். ஒடிந்த வாயின் நடுவில் சிறு ஆணி அடித்து அதன் தலையை வெட்டிவிடுங்கள். அளவைவிட 3 செ.மீ. நீளமாக வெட்டிய புதுக் கட்டையை அதன் மேல் அழுத்தினால் மையம் பதியும். ஆணியைப் பிடுங்கிவிட்டு, பழைய காலில் 30 மி.மீ., புதுக் கட்டையில் 50 மி.மீ. ஆழத்துக்கு 10 மி.மீ. துளை போடுங்கள். மூங்கிலை உருட்டிச் சீவி, பசையில்லாமல் செருகிக்கொள்ளுங்கள். இனி எத்தனை முறை கழற்றினாலும் கட்டை அதே இடத்தில் வந்து உட்காரும்.

6. சாக்பீஸ் தடவிச் செதுக்குங்கள். ஒடிந்த வாயில் நீலச் சாக்பீஸைத் தேய்த்து, புதுக் கட்டையை அதன் மேல் அழுத்தி எடுங்கள். நீலம் ஒட்டிய இடமெல்லாம் மேடு. அதை மட்டும் உளியால் மெல்லச் செதுக்குங்கள். மறுபடி தேய்த்து, அழுத்தி, செதுக்குங்கள். முதலில் இரண்டு மூன்று புள்ளிதான் நீலமாகும். போகப்போகப் பரவும். பாதிக்கு மேல் நீலமானால் போதும். ஒரு நாள் முழுக்கப் போகலாம், அவசரப்பட்டால் ஒரே வெட்டில் பள்ளமாகும். உளி எப்போதும் உங்கள் உடம்புக்கு எதிர்த்திசையில் போகட்டும். கட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு செதுக்காதீர்கள், மேசையோடு கட்டிவிடுங்கள்.

7. வெளி வடிவம். மற்ற மூன்று கால்களின் பருமனை அட்டையில் வெட்டி அச்சாக்கி, புதுக் காலை அதற்கு ஏற்ப இழையுங்கள். கடைசல் வேலைப்பாடு இருந்தால் அதைப் போலி செய்ய வேண்டாம், பருமன் பொருந்தினால் போதும். 80, 120, 220 எண் உப்புத்தாள் வரிசை. பழைய மரத்தின் மேல் உப்புத்தாள் படாமல் துணி சுற்றிக்கொள்ளுங்கள்.

8. ஒட்டுதல். செதுக்கியதில் துளையின் ஆழம் குறைந்திருக்கும். மூங்கிலை இரண்டு துளைகளின் மொத்த ஆழத்தைவிட 2 மி.மீ. குறைவாக வெட்டி, அதன் நீளத்துக்கு ஒரு கோடு கீறுங்கள். அதிகப்படியான பசையும் காற்றும் அந்த வழியாக வெளியேறும். பசை பூசிச் செருகி, இருக்கைச் சட்டத்தையும் காலின் அடியையும் சேர்த்துக் கயிறு சுற்றி, நடுவில் ஒரு குச்சி கொடுத்து முறுக்குங்கள். வழியும் பசையை உடனே ஈரத்துணியால் துடையுங்கள். 24 மணி நேரம் தொடாதீர்கள். கட்டு அவிழ்த்த பிறகு ரசமட்டம் வைத்து அடியை அளவுக்கு வெட்டுங்கள்.

9. மேற்பூச்சு. 1 லிட்டர் ஸ்பிரிட்டில் 125 கிராம் அவலரக்கு. புதுக் காலுக்கு ஒரே பூச்சு. பழைய நிறத்துக்கு ஒத்துப்போகச் சாயம் ஏற்றினால் இதுவரை செய்ததெல்லாம் வீண். ஸ்பிரிட் திறந்திருக்கும்போது அடுப்பு, பீடி, சாமி விளக்கு எதுவும் பக்கத்தில் கூடாது.

லின்சீட் எண்ணெய் பூச விரும்புகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. எண்ணெய் தோய்ந்த துணியைச் சுருட்டி மூலையில் போட்டால் அது தானாகச் சூடேறித் தீப்பிடிக்கும். கொடியில் விரித்துக் காயப்போடுங்கள், அல்லது தண்ணீர் நிரம்பிய தகர டப்பாவில் அமுக்குங்கள்.

இத்தோடு நிறுத்துங்கள்

கால் பொருந்தியதும் கை சும்மா இருக்காது. முதுகுப் பலகையில் மயில் வரையலாமா, பல்சக்கரம் ஒட்டலாமா, கைப்பிடிக்குத் தங்க பெயின்ட் அடிக்கலாமா என்று தோன்றும். வேண்டாம். ஒரு சாமானுக்கு ஒரு மாற்றம். இரண்டாவது மாற்றம் வந்தால் பார்க்கிறவரின் கண் உட்கார்ந்திருந்தவரை விட்டுவிட்டு உங்கள் திறமைக்குத் திரும்பிவிடும். ஒரு வாரம் வீட்டில் வைத்து, போகும்போதும் வரும்போதும் பாருங்கள். அதன் பிறகும் ஏதோ குறைகிறது என்று தோன்றினால், பெரும்பாலும் குறை நாற்காலி நிற்கும் திசையில் இருக்கும். எந்தப் பக்கம் பார்த்துப் போட்டிருந்தார்கள் என்று எழுதி வைத்த தாளை எடுங்கள்.

சிமெண்ட் நிரப்ப விரும்புகிறவர்களுக்கு

சால்செடோ வழியில் போக ஆசைப்பட்டால், முழு அலமாரியில் தொடங்காதீர்கள். முதலில் எடையைக் கணக்கிடுங்கள். 40 செ.மீ. நீளம், 30 அகலம், 15 ஆழமுள்ள ஒரு மேசை இழுப்பறை 18 லிட்டர் கொள்ளும். ஒரு லிட்டர் கான்கிரீட் ஏறத்தாழ 2.4 கிலோ. அந்த ஒரு இழுப்பறை மட்டும் 43 கிலோ ஆகும். மாடியில் வைக்கக் கூடாது, தனியாகத் தூக்கக் கூடாது.

1. உள்பக்கத்துக்கு எண்ணெய் வார்னிஷ் இரண்டு பூச்சு. இல்லாவிட்டால் மரம் தண்ணீரை உறிஞ்சி ஊதும்.
2. வெளியே நான்கு பக்கமும் கயிறு கட்டி இறுக்குங்கள். ஈரக் கலவையின் அழுத்தம் மூலைகளைப் பிரித்துவிடும்.
3. சிமெண்ட் 1, மணல் 2, சிறு ஜல்லி 3. தண்ணீர் குறைவாக. 5 செ.மீ. உயரத்துக்கு ஒரு அடுக்காக ஊற்றிக் குச்சியால் குத்துங்கள்.
4. ஈரச் சாக்கு போட்டு 7 நாள் மூடி வையுங்கள்.

ஈரச் சிமெண்ட் தோலைப் புண்ணாக்கும். ரப்பர் கையுறை போடுங்கள், கண்ணில் பட்டால் ஓடும் தண்ணீரில் நெடுநேரம் கழுவி மருத்துவரைப் பாருங்கள்.

சிறு துண்டுகள் நிறையச் சேர்ந்துவிட்டவர்களுக்கு மூன்றாவது வழியும் உண்டு. அமெரிக்கச் சிற்பி லூயிஸ் நெவல்சன் நாற்காலிக் கால்கள், கைப்பிடிக் கம்பங்கள், மரத்துண்டுகள் ஆகியவற்றைப் பெட்டிகளுக்குள் அடுக்கி, மொத்தத்துக்கும் ஒரே கறுப்பு பூசுவார். 1958-இல் சுவர் அளவுக்கு அப்படி ஒன்று செய்தார். பழைய மாம்பழ மரப்பெட்டி கிடைத்தால் முயலலாம். பளபளக்காத கறுப்பாக இருக்கட்டும். பெட்டிகளைச் சுவரோடு திருகாணியால் பிணைக்காமல் ஆள் உயரத்துக்கு அடுக்காதீர்கள்.

நிறுத்துவதும் பராமரிப்பதும்

பள்ளியிலோ நூலகத்திலோ காட்சிக்கு வைத்தால் குழந்தைகள் ஏறி உட்காருவார்கள், அது இயல்பு. "உட்காராதீர்" என்ற பலகையை நம்பாதீர்கள். அரை அடி உயர மேடை செய்து, மூன்று பழைய கால்களையும் அடியிலிருந்து எல் வடிவத் தகட்டால் மேடையோடு திருகிவிடுங்கள். புதுக் காலில் திருகாணி வேண்டாம்.

பெயர்ச் சீட்டில் ஊர், மரம், புதுக் காலின் மரம், வருடம் எழுதுங்கள். நாற்காலிக்காரரின் பெயரைக் குடும்பத்தாரிடம் கேட்டு, அவர்கள் சரி என்றால் மட்டும் சேருங்கள். காட்சி தொடங்குமுன் அவர்களை அழைத்துக் காட்டுங்கள். ஏதாவது தடம் வேண்டாம் என்று அவர்கள் சொன்னால், அதைத் துணியால் மூடாமல் அந்தப் படைப்பையே திரும்ப எடுத்துக்கொள்ளுங்கள்.

வண்டியில் ஏற்றும்போது முதுகுப் பலகையை அடியாக வைத்துப் படுக்கப் போட்டுக் கட்டுங்கள், கயிறு புதுக் காலில் படக் கூடாது. ஐப்பசி, கார்த்திகை மழை முடிந்ததும் ஒட்டு விரிந்திருக்கிறதா என்று நகத்தால் தடவிப் பாருங்கள். கீழே மறுபடி கறுப்புத் தாள் விரித்து ஒரு வாரம் விடுங்கள். தூள் விழுந்திருந்தால் மற்றச் சாமான்களிலிருந்து நாற்காலியைப் பிரித்து வைத்து, போராக்ஸ் கரைசலை ஓட்டைகளில் மறுபடி செலுத்துங்கள்.